சரிவில் நடக்கிறவருக்குச் செயற்கைக்கால்: சாக்கெட் எங்கே அழுத்தலாம், எங்கே அழுத்தக் கூடாது

கோயம்புத்தூரில் கால் பொருத்திய அன்று எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வழுவழுப்பான டைல்ஸ் தரை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, எதிரே ஆளுயரக் கண்ணாடி. 20 தடவையாவது போய் வந்திருப்பேன். "எங்கயாச்சும் கடிக்குதுங்களாண்ணா?" என்று டெக்னீஷியன் தம்பி கேட்டார். இல்லை என்றேன். அங்கே நிஜமாகவே கடிக்கவில்லை. மாலை கோத்தகிரி வந்து, மினிபஸ் பிடித்து ஊரில் இறங்கினேன். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 110 படி, அப்புறம் ஒரு செம்மண் சரிவு. பாதி இறங்குவதற்குள் எலும்பு முனையில் பீடி நெருப்பை வைத்த மாதிரி எரிச்சல். வீட்டில் கழற்றிப் பார்த்தால், முனையின் முன்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. மறுநாள் காலையிலும் அந்தச் சிவப்பு போகவில்லை.

கால் செய்கிற இடமெல்லாம் சமவெளியில், சமதளத் தரையில் இருக்கிறது. நாம் வாழ்வது சரிவில். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, கால் செய்கிறவனும் இல்லை. ஒன்றரை ஏக்கர் தேயிலையில் செயற்கைக்காலோடு ஏறி இறங்குகிறவன். எழுதுவது முக்கியமாக முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்கு. மீதமிருக்கும் காலை மருத்துவமனையில் 'ஸ்டம்ப்' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அந்த ஸ்டம்ப் உள்ளே இறங்கி உட்காரும் குடுவை மாதிரியான மேல்பகுதிதான் சாக்கெட்.

அழுத்தம் இல்லாத சாக்கெட் கிடையாது

முதலில் மனதில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் நடக்கும்போது, நல்ல கால் தரையை விட்டு எழும்புகிற கணத்தில் அந்த 60 கிலோவும் சாக்கெட்டுக்குள் இருக்கும் தோல் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். உள்ளங்கால் தோல் இதற்கென்றே தடித்து வளர்ந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் தோலுக்கு இந்த வேலை பழக்கமே இல்லை. அந்த எடையில் 6 கிலோ மட்டும் விரல் நுனி அளவான 2 சதுர சென்டிமீட்டரில் விழுந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 3 கிலோ. அதே 6 கிலோ 60 சதுர சென்டிமீட்டரில் பரவினால், ஒவ்வொன்றுக்கும் 100 கிராம்தான். சாக்கெட் செய்கிற கலை முழுக்க இந்தப் பரப்புகிற வேலைதான்.

அதனால் "அழுத்தாத மாதிரி செஞ்சு குடுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தளர்வாகச் செய்துவிடுவார்கள், தளர்ந்த சாக்கெட் இறுக்கமானதைவிட மோசம். ஸ்டம்ப் உள்ளே இறங்கி அடியில் முட்டும், அடிக்கு அடி மேலும் கீழும் உரசும். தோலை அழுத்தம் மட்டும் கெடுப்பதில்லை. இந்த உரசல் அதைவிடச் சீக்கிரம் கொப்புளம் போடும். நன்றாகப் பிடித்த சாக்கெட் என்பது, தெரிந்தவர் கையை உறுதியாகப் பிடித்துக் குலுக்குவது மாதிரி இருக்க வேண்டும். சுற்றிலும் பிடி தெரியும், ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரியாது.

விரலால் ஒரு வரைபடம்

அளவெடுக்கப் போவதற்கு முந்தைய வாரமே வீட்டில் இதைச் செய்யுங்கள். கட்டிலில் உட்கார்ந்து ஸ்டம்ப்பை நீட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள்.

முழங்கால் சில்லுக்கு நேர் கீழே, கயிறு மாதிரி ஒரு தசைநாண் இருக்கும். அழுத்தினால் உறைக்காது. அந்த இடம் எடை தாங்கும். அங்கிருந்து உள்பக்கமாக விரலை நகர்த்தினால் எலும்பு அகன்று, லேசாகக் குழிந்த ஒரு சரிவு தட்டுப்படும். அதுவும் தாங்கும், சொல்லப்போனால் அதுதான் நமக்கு நல்ல நண்பன். பின்பக்க ஆடுசதை, முன் எலும்புக்கு வெளிப்பக்கம் இருக்கும் சதை, இவையும் தாங்கும்.

இப்போது தாங்காத இடங்கள். முன்னெலும்பின் கூர்மையான விளிம்பு: அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. சில்லுக்குக் கீழே தசைநாண் போய் ஒட்டுகிற எலும்பு மேடு. வெட்டின எலும்பின் முனை. அப்புறம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கமாகக் கோலிக்குண்டு மாதிரி ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் ஒரு நரம்பு ஓடுகிறது. அந்த இடத்தை அழுத்தினால், இல்லாத பாதத்தில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஜிவ்வென்று இருக்கும். கடைசியாக, முழங்கால் மடிப்பின் பின்னே இரண்டு பக்கமும் இருக்கும் தசைநாண்கள். உட்காரும்போது சாக்கெட்டின் பின்விளிம்பு அவற்றைத்தான் வெட்டும்.

இந்த வரைபடம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உங்கள் தழும்பு எங்கே போகிறது, எங்கே எலும்பு முள் துருத்துகிறது, எங்கே உணர்ச்சியே இல்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பால்பாயிண்ட் பேனாவால் தோலிலேயே குறித்துக்கொண்டு போங்கள். அளவெடுப்பவர் சிரிக்க மாட்டார். அவரும் அதே மாதிரிதான், அழியாப் பென்சிலால் குறித்துக்கொண்டு அதன்மேல் பிளாஸ்டர் சுற்றப்போகிறார்.

சாக்கெட் செய்வதில் இரண்டு முறைகள் உண்டு. 1950களின் கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான முறையில், அந்தத் தசைநாணையும் உள்பக்கச் சரிவையும் நன்றாக அழுத்தி, தாங்காத இடங்களில் இடைவெளி விடுவார்கள். பிந்தைய முறையில், ஜெல் அல்லது சிலிக்கான் லைனர் (ஸ்டம்ப்பின் மேல் மாட்டும் மெத்தென்ற உறை) போட்டு, ஸ்டம்ப் முழுவதுமே எடையைப் பகிர்ந்துகொள்கிற மாதிரி செய்வார்கள். எது உயர்ந்தது என்று சண்டை போட வேண்டியதில்லை. உங்களுடையது எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், சில்லுக்குக் கீழே உறுதியாக அழுத்துவது கோளாறா, இல்லை வேண்டுமென்றே செய்ததா என்று புரியும்.

அளவெடுக்கும் நாள்

மலையிலிருந்து போகிறவர்கள் செய்யும் பெரிய தவறை நானும் செய்தேன். காலை முதல் பஸ்ஸில் ஏறி, மூன்று மணி நேரம் ஸ்டம்ப்பைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, இறங்கினவுடனே நேராக அளவு கொடுத்தேன். தொங்கின கால் வீங்கும். வீங்கின காலுக்கு அளவெடுத்தால், வீக்கம் வடிந்த பின் சாக்கெட் தளர்ந்து போகும்.

முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். முடியாவிட்டால் பஸ்ஸில் முழங்காலை நீட்டி, எதிர் சீட்டிலோ பையின் மேலோ வைத்துக்கொண்டு, கிரேப் பேண்டேஜோ, வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கும் சுருக்குச் சாக்ஸோ கழற்றாமல் போங்கள். அளவெடுப்பதற்குச் சற்று முன்புதான் அவிழ்க்க வேண்டும். பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றணும், முனையில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும். மேலே இறுக்கிக் கட்டினால் முனை குமிழ் மாதிரி வீங்கி நிற்கும். அந்த வடிவத்துக்கு நல்ல சாக்கெட் செய்வது யாருக்கும் கஷ்டம். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கினபடியே இறுகிவிடும்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள், இதயக் கோளாறுக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஸ்டம்ப்பின் அளவு நாளுக்கு நாள் மாறும். கால் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்களுக்கும் அப்படித்தான், சுருங்கிக்கொண்டே வரும். முதல் சாக்கெட் நிரந்தரமில்லை என்று தெரிந்தே வாங்குங்கள்.

பிளாஸ்டர் அச்சு எடுத்த பின் நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, நம் காலைப் போலவே ஒரு உருவம் செய்வார்கள். எங்கே அழுத்தம் வேண்டுமோ அங்கே உருவத்தைச் சுரண்டுவார்கள். எங்கே இடைவெளி வேண்டுமோ அங்கே பிளாஸ்டர் சேர்த்துப் பூசுவார்கள். அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்தால் சாக்கெட் தயார். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதத்துக்கு, தண்ணீர்க் குழாய் செய்கிற எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கிலேயே சாக்கெட்டை இழுத்துவிடுகிறார்கள். மலைக்காரர்களுக்கு அந்தப் பாதத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. ரப்பர் என்பதால் கல்லிலும் மேட்டிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், செருப்பில்லாமலும் நடக்கலாம்.

வசதி உள்ள இடத்தில், கடைசிச் சாக்கெட்டுக்கு முன்பு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி சாக்கெட் போட்டுப் பார்ப்பார்கள். கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே தோல் எங்கே வெளுக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். வெளுத்த இடத்தில் ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். முகாமில் கால் வாங்குகிறவர்களுக்கு இது பெரும்பாலும் கிடைக்காது. அதனால் அடுத்த பகுதியை அவர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

போட்டு, நின்று, கழற்றி, பார்த்து

ஸ்டம்ப்பில் மாட்டும் சாக்ஸ் சுருக்கமில்லாமல் ஏற வேண்டும். ஒரு சின்ன மடிப்பு, அரிசி மணி மேல் படுத்த மாதிரி உறுத்தும். தையல் இருந்தால் எலும்பின் மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் லைனர் என்றால், உள்ளே வெளியே திருப்பி, அதன் அடிப்பகுதியை ஸ்டம்ப் முனையில் ஒட்டி வைத்துக் காற்றுப் புகாமல் உருட்டிக்கொண்டே ஏற்ற வேண்டும். முனையில் காற்றுக் குமிழ் நின்றால் அது தோலை உறிஞ்சிக் கொப்புளமாக்கும்.

எழுந்து இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு 5 நிமிஷம் நில்லுங்கள். நடக்க அவசரப்படாதீர்கள். கழற்றுங்கள். தோலில் சாக்ஸின் பின்னல் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பதிந்திருந்தால் நல்லது. ஒரு இடத்தில் ஆழமாகவும் பக்கத்தில் பதியாமலும் இருந்தால், எடை பரவவில்லை.

சிவப்பைப் பார்க்கும்போது கடிகாரத்தையும் பாருங்கள். எடை தாங்கும் இடத்தில் சிவந்து, 10 நிமிஷத்தில் மறைந்தால் கவலையில்லை. 20 நிமிஷம் தாண்டியும் நின்றால், அல்லது எலும்பின் மேல் சிவந்தால், திருத்தம் வேண்டும். இதில் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகங்கள் சிவப்பு, சிவப்பு என்றுதான் சொல்லும். நம்மில் கறுப்புத் தோல்காரர்களுக்குச் சிவப்பு தெரியாது. அந்த இடம் இன்னும் கருத்தோ பளபளத்தோ தெரியும், புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கும். கண்ணைவிடப் புறங்கை நம்பகமானது.

சந்தேகமான இடத்துக்கு லிப்ஸ்டிக் வைத்தியம் உண்டு. கடிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவி, மெல்லிய சாக்ஸ் போட்டோ போடாமலோ சாக்கெட்டுக்குள் இறங்கி ஒருமுறை எடையைப் போட்டுக் கழற்றினால், சாக்கெட்டின் உள்சுவரில் சரியான இடத்தில் கறை ஒட்டியிருக்கும். டெக்னீஷியன் அந்த இடத்தைத்தான் சூடாக்கி வெளியே தள்ளுவார், அல்லது உள்ளே தேய்ப்பார். (கோத்தகிரி பஜாரில் நான் லிப்ஸ்டிக் வாங்கப் போன கதையைக் கடைக்காரர் இன்னும் மறக்கவில்லை. "அக்காவுக்கு எந்தக் கலருங்க பிடிக்கும்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.)

முனை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க, களிமண் உருண்டை ஒன்றைச் சாக்கெட்டின் அடியில் போடுவார்கள். வீட்டில் என்றால் சப்பாத்தி மாவு போதும். சுண்டைக்காய் அளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி அடியில் வைத்து, மேலே ஏறி நின்று எடுத்துப் பாருங்கள். உருண்டை அப்படியே இருந்தால் முனை அந்தரத்தில் தொங்குகிறது. காகிதம் மாதிரி நசுங்கியிருந்தால் முனை அடியில் இடிக்கிறது. லேசாகத் தட்டையாகியிருந்தால் சரி. முனை தொங்குவது வலிக்காது என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் மேலே இறுக்கிக்கொண்டு கீழே தாங்கல் இல்லாமல் மாதக்கணக்கில் நடந்தால், முனைத் தோல் தடித்து, கருத்து, மரு மாதிரி சொரசொரப்பாகிக் கசியத் தொடங்கும். அதற்கு மருந்து களிம்பு இல்லை, முனைக்குத் தாங்கல் கொடுப்பதுதான்.

கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்காருங்கள். கோயம்புத்தூரிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் அப்படித்தான் உட்காரப்போகிறீர்கள். பின்விளிம்பு தசைநாணை வெட்டினால் அங்கேயே இறக்கித் தரச் சொல்லுங்கள்.

சரிவுச் சோதனை

இனி, அன்றைக்கு நான் செய்யாமல் விட்ட வேலை.

நல்ல கால் இறக்கத்தில் கணுக்காலை வளைத்து, பாதத்தைத் தரையோடு படிய வைத்துக்கொள்ளும். நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான செயற்கைப் பாதங்களுக்கு அந்த வளைவு இல்லை. குதிகால் தரையைத் தொட்டதும், பாதம் படிவதற்காக முழுக் காலும் முன்னால் தள்ளப்படும். சாக்கெட்டின் மேல்பகுதி முன்னே சாயும். உடனே அதன் முன்சுவர் கீழே எலும்பு முனையின் முன்பக்கத்தையும், பின்சுவர் மேலே முழங்கால் மடிப்பையும் அழுத்தும். என் காசு அளவுச் சிவப்பு வந்தது இப்படித்தான்.

ஏற்றத்தில் இது அப்படியே தலைகீழ். முன்பாதம் முதலில் ஊன்றும், கால் பின்னால் தள்ளப்படும். அழுத்தம் மேலே சில்லுக்குக் கீழேயும், கீழே பின்பக்கமும் விழும். இரண்டுமே ஓரளவு சதையும் தசைநாணும் உள்ள இடங்கள். அதனால்தான் ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கும்போது கால் வலிக்கும்.

தேயிலைச் சரிவில் குறுக்கே நடப்பது மூன்றாவது வகை. பாதம் ஒரு பக்கமாகச் சாயும்; சாக்கெட்டும் சாய்ந்து, மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் கிள்ளும். வெளிப்பக்கக் கோலிக்குண்டு எலும்பு வலித்தால், இந்தச் சாய்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சாக்கெட்டின் வடிவம் சரியாக இருந்தும், பாதம் அதற்கடியில் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி இருந்தால் சமதளத்திலேயே இது வரும்.

ஆகவே, மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற சாய்தளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதில் 15 நிமிஷம் ஏறி இறங்குங்கள். பக்கவாட்டிலும் நடங்கள். மாடிப்படி இருந்தால் அதிலும். அப்புறம் கழற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டுக் காலை வாங்காதீர்கள்.

செருப்பே ஒரு சரிவுதான். பாதத்தைக் குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு அமைத்துக் கொடுப்பார்கள். அதைவிடக் குதிகால் உயர்ந்த ஷூ போட்டால் கால் முன்னால் சாயும், நாள் முழுக்க இறக்கத்தில் நடக்கிற மாதிரி. தாழ்ந்த செருப்புப் போட்டால் நாள் முழுக்க ஏற்றம். ஊரில் பாதி நாள் கம்பூட்ஸ் போடுகிறவர், அளவுக்கு ரப்பர் செருப்போடு போனால் எப்படி? தினமும் எதைப் போடுவீர்களோ அதைப் பையில் எடுத்துப் போங்கள். இரண்டு ஜோடி என்றால், இரண்டின் குதிகாலும் ஒரே உயரத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

நடையும் கொஞ்சம் மாற வேண்டும். இறங்கும்போது செயற்கைக்கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். தடியைச் செயற்கைக்காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். 20 கிலோ தேயிலை மூட்டையைத் தலையில் வைத்தால், 60 கிலோ தாங்கின கால் 80 கிலோ தாங்க வேண்டும். நான் இப்போதெல்லாம் மூட்டையை இரண்டாகப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுவருகிறேன். வீட்டில் திட்டு விழும், தோல் பிழைக்கும்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, வீட்டுக்குள். கழற்று, பார். தோல் நன்றாக இருந்தால் நாளுக்கு அரை மணி கூட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் மெதுவாக. சர்க்கரையால் உணர்ச்சி மங்கினவர்களுக்கு வலி என்கிற காவல்காரன் லீவில் இருக்கிறான். கண்ணாடி வைத்து முனையையும் பின்பக்கத்தையும் தினமும் இரண்டு வேளை பார்ப்பதுதான் ஒரே வழி. கொப்புளமோ புண்ணோ வந்தால் கால் அலமாரிக்குப் போக வேண்டும், புண் ஆறும் வரை. "ரெண்டு நாள் பொறுத்துக்கலாம்" என்று நடந்தவர்கள் இரண்டு மாதம் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாக்ஸ் கணக்கு

எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆன விஷயம் இது. ஸ்டம்ப் காலையில் கொஞ்சம் பருத்து இருக்கும். நடக்க நடக்க மத்தியானத்துக்குள் சுருங்கும். காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் பதினோரு மணிக்குத் தளரும். அப்போது எலும்பு முனையில் வலிக்கும். நமக்குத் தோன்றுவது, "இறுக்கமா இருக்கு, ஒரு சாக்ஸைக் கழட்டுவோம்." கழற்றினால் இன்னும் கீழே இறங்கி இன்னும் வலிக்கும். நான் இதை மாதக்கணக்கில் செய்திருக்கிறேன்.

தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம்: சில்லு வழக்கத்தைவிடச் சாக்கெட்டுக்குள் தாழ்ந்து இருக்கும், முனையில் இடிக்கும், அடி வைக்கும்போது உள்ளே 'டப்' என்று காற்றுச் சத்தம் வரும். பின் லாக் (லைனரின் அடியில் இருக்கும் ஊசி சாக்கெட்டுக்குள் பூட்டிக்கொள்ளும் அமைப்பு) உள்ளவர்களுக்குக் காலையில் நாலு 'டிக்' விழுந்த இடத்தில் ஆறு விழும். அப்போது சாக்ஸ் சேர்க்க வேண்டும். அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம்: உள்ளே முழுசாக இறங்காது, கால் உயரமாகத் தெரியும், முனை விண்விண் என்று தெறிக்கும். ஸ்டம்ப் சாக்ஸ் 1 பிளை, 3 பிளை, 5 பிளை என்று வருகிறது; பிளை என்பது அதன் தடிமன். தோட்டத்துக்குப் போகும்போது ஒரு 3 பிளை, பதினொரு மணி டீக்கு மேல் இன்னொரு 1 பிளை. இதுதான் என் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும். மொத்தம் 10, 12 பிளைக்கு மேல் போட்டால்தான் நிற்கிறது என்றால், சாக்ஸ் வாங்குவதை நிறுத்திவிட்டுப் புதுச் சாக்கெட்டுக்குப் போங்கள். அத்தனை துணிக்குள் சாக்கெட்டின் மேடு பள்ளம் எதுவும் உங்கள் எலும்புக்கு நேராக இருக்காது.

வலிக்கும் இடத்தில் பஞ்சோ ஸ்பாஞ்சோ வைப்பது இன்னொரு பொதுவான தவறு. இறுக்கமான இடத்தில் எதை வைத்தாலும் அங்கே அழுத்தம் கூடத்தான் செய்யும். மெத்தை வைப்பதென்றால் வலிக்கும் இடத்தைச் சுற்றித்தான் வைக்க வேண்டும், அதன் மேல் அல்ல. அதையும் டெக்னீஷியன் செய்யட்டும்.

குளிர், மழை, இறக்கத்து வெயில்

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சாக்கெட்டைத் தொட்டாலே கை விறைக்கும். ஒரு வருஷம் செயற்கைக்காலை இரவு முழுக்கக் கரி அடுப்பு ஓரமாகச் சாய்த்து வைத்தேன். விடிந்தபோது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ஆனால் மேல்விளிம்பு ஒரு பக்கம் உள்ளே வளைந்துவிட்டது. சூடாக்கி இழுத்த பிளாஸ்டிக் சூட்டுக்குத் திரும்பவும் வளையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லைனரையும் சாக்ஸையும் மட்டும் படுக்கைக்குள் கம்பளிக்கடியில் வைத்துக்கொண்டால் போதும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்ஸ் காயாது. ஆறு ஜோடியாவது வைத்திருங்கள். ஈரச் சாக்ஸ் போடுவதைவிட அன்றைக்குக் கால் போடாமல் இருப்பது நல்லது. ஊறின தோல் தக்காளித் தோல் மாதிரி கழன்றுவிடும். அதே காரணத்தால் ஸ்டம்ப்பை இரவில் கழுவுங்கள், காலையில் வேண்டாம். சாதாரண சோப்பு, நல்ல தண்ணீர், நன்றாகத் துடைத்து உலரவிடுதல். மயிரை மழிக்க வேண்டாம். மழித்தால் வேர்க்காலில் சீழ் பிடிக்கும். கால் போடுவதற்கு முன் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

குஞ்சப்பனை தாண்டி இறங்க இறங்க வெயில் ஏறும். இங்கே வேர்க்காத ஸ்டம்ப், மேட்டுப்பாளையம் போவதற்குள் லைனருக்குள் தண்ணீர் விட்ட மாதிரி வேர்த்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கழற்றித் துடைத்து மறுபடி போடுங்கள். நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

தொடையில் கால் எடுத்தவர்களுக்கு

வரைபடம் மட்டும் வேறு. உட்காரும்போது தரையில் படும் இடுப்பெலும்பு மேடும், தொடையைச் சுற்றின சதையும் எடை தாங்கும். கவட்டைப் பக்கம் உள்விளிம்பு வெட்டுவதுதான் பெரிய தொல்லை. தளர்ந்து கீழே இறங்கினாலும் அங்கேதான் வெட்டும், அதனால் முதலில் சாக்ஸைச் சரிபாருங்கள். கால் போடும்போது தொடைச் சதை விளிம்புக்கு வெளியே பிதுங்கி நிற்காமல் முழுவதும் உள்ளே இழுபட வேண்டும். சரிவில் முழங்கால் மூட்டு சட்டென்று மடங்காமல் இருப்பது சாக்கெட்டைவிட முக்கியம். அதை மூட்டைத் தேர்வு செய்யும்போதே கேளுங்கள்.

திருத்தத்துக்குப் போகும்போது

வீட்டில் ஆக்ஸா பிளேடு, உப்புத்தாள் எடுத்து நீங்களே சுரண்டாதீர்கள். சுரண்டினதை ஒட்ட முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரிடம் போங்கள். இலவசக் காலுக்கும் மாற்றுக்கும் ஊட்டியில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், அடையாள அட்டையோடு மனுக் கொடுக்கலாம்.

"வலிக்குது" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு போனேன்: எலும்பு முனை, முன்பக்கம். இறக்கத்தில் மட்டும். 60வது படிக்கு மேல். 3 பிளை ஒன்று. கம்பூட்ஸ். சிவப்பு மறைய ஒரு ராத்திரிக்கு மேல். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வசதி என்று கேட்டால், சமதளம் 9, இறக்கம் 3.

டெக்னீஷியன் தம்பி அதை இரண்டு முறை படித்தார். முனைக்கு நேராகச் சாக்கெட்டைச் சூடாக்கிக் கொஞ்சம் வெளியே தள்ளினார். அப்புறம் ஆலன் கீயை எடுத்துப் பாதத்தின் சாய்வை மயிரிழை மாற்றினார். நடுவில் குழாய் வைத்த கால் என்பதால் அது முடிந்தது. ஒரே பிளாஸ்டிக்கில் இழுத்த கால் என்றால் அவ்வளவு சுலபமில்லை. "ரொம்பத் திருப்புனா சமதளத்துல நடை கெட்டுப்போயிருங்கண்ணா. ரெண்டுக்கும் நடுவுல நிறுத்திக்கலாங்களா?" என்றார். சரி என்றேன். ஆம்புலன்ஸ் சாய்தளத்தில் கம்பூட்ஸோடு ஏறி இறங்கினேன். முதல் தடவை 5 மார்க். இன்னொரு திருப்பு. மூன்றாவது தடவை 7. அதற்கு மேல் அவரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அதே 110 படி. திண்ணையில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன். முனையில் சிவப்பு இருந்தது, முன்னைவிட வெளிறி. வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறுவதற்குள் சிவப்பு போய்விட்டது.